சுண்ணாம்புக்கல்லும் சிலிக்கனும்

கல்லங்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. திருச்சி நிலையத்தைப் பிடிக்கக் குமிழைத் திருகியபோது, உள்ளிருந்த அலையியற்றியின் அதிர்வெண்ணைத்தான் மாற்றினோம் என்பது அன்று தெரியாது. இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் அலையியற்றி உண்டு. அதை வடிவமைப்பதோ பன்மடங்கு கடினமாகிவிட்டது. நம் குறைக்கடத்திக் கொள்கை போதிய அக்கறை காட்டாத இடமும் இதுதான்.

புளூடூத் சில்லின் அலையியற்றி நொடிக்குச் சுமார் 240 கோடி முறை அதிர வேண்டும். அதுவும் ஏறத்தாழ ஒரு வோல்ட் மின்னழுத்தத்தில். மின்னழுத்தம் குறைந்தால் அலையின் வீச்சும் குறைகிறது. இரைச்சல் அதே அளவில் குறைவதில்லை. அதிர்வெண் தடுமாறினால் பக்கத்து அலைவரிசை உள்ளே புகுந்துவிடும். மின்னோட்டத்தைக் கூட்டினால் பேட்டரி விரைவில் தீரும். கணினியில் வரைந்து பார்ப்பது மட்டும் போதாது. சில்லை வார்த்து, அளந்து, திருத்தி, மீண்டும் வார்க்க வேண்டும். இத்திறன் பல ஆண்டுப் பயிற்சியில் கைவருவது.

2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த குறைக்கடத்தித் திட்டத்தின் மதிப்பு 76,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கு உரியது. வடிவமைப்பு நிறுவனங்களுக்குத் தகுதியான செலவில் பாதிவரை, அதிகபட்சம் 15 கோடி ரூபாய் திருப்பித் தரப்படுகிறது. விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகையும் உண்டு. தமிழக அரசும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாயில் குறைக்கடத்தி இயக்கத்தை அறிவித்தது.

தொழிற்சாலை வேண்டாம் என்பதல்ல என் வாதம், வேலைவாய்ப்பு அவசியம். ஆனால், பொருளியல் மாணவன் கேட்க வேண்டிய கேள்வி, உபரி யாரிடம் சேர்கிறது என்பது. எங்கள் பகுதியின் சுண்ணாம்புக்கல் சிமென்டாகி ஊரூராகச் செல்கிறது; எங்களிடம் எஞ்சுவது கூலியும் குழிகளும். அறிவுக்கும் இதே நிலை வரலாம். 2024 மார்ச்சில் குவால்காம் சென்னையில் வடிவமைப்பு மையம் திறந்தது. வைஃபை தொழில்நுட்பத்தில் நம் பொறியாளர்கள் அங்கே உழைக்கிறார்கள். நல்ல ஊதியம் கிடைக்கிறது, மகிழ்ச்சியே. அறிவுச்சொத்தின் உரிமை மட்டும் நிறுவனத்துடையது.

இதற்கு மாற்று, எட்டாக்கனி அல்ல. பல வானொலிச் சுற்றுகளுக்கு அதிநவீன ஆலை தேவையில்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018-இல் மொகாலி அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. இன்று கல்லூரிகளுக்கு வடிவமைப்பு மென்பொருளும் மொகாலியில் சில்லை வார்க்கும் வாய்ப்பும் மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கின்றன. ஆனால், வார்த்து வரும் சில்லை உயர் அதிர்வெண்ணில் அளக்கும் கருவிகளின் விலை மாவட்டக் கல்லூரிகளின் கைக்கு எட்டாதது. அளக்க முடியாத மாணவர் தன் பிழையை அறிய முடியாது.

எனவே, மாநில இயக்கத்தின் நிதியில் சிறு பகுதியை ஒதுக்கி, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பொது அளவீட்டு ஆய்வகத்தை அமைக்கலாம். அரியலூர், பெரம்பலூர் மாணவர்கள் காலையில் பேருந்தேறி, அளந்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். அடுத்து, சந்தை. மின்வாரியம் வாங்கும் ஸ்மார்ட் மீட்டர்களில் ஒரு பங்கிற்கேனும் உள்நாட்டு வானொலிச் சில்லைக் கட்டாயமாக்கலாம். முதல் வாடிக்கையாளராக அரசு நின்றால்தான் இரண்டாவது வாடிக்கையாளர் வருவார்.

சுண்ணாம்புக்கல் ஒருநாள் தீர்ந்துவிடும். அதற்குள் எங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு தொழில் கைவந்திருக்க வேண்டும்.