சத்தத்திற்கு எது தராசு?

சத்தம் என்பது அவரவர் காதைப் பொறுத்த விஷயமே ஒழிய அதற்குக் கணக்கேது, அளவேது என்று பேசுகின்றவர்கள் நம்மில் அநேகர் இருக்கின்றார்கள். திருவிழாவிலோ, கல்யாண வீட்டிலோ, அரசியல் கூட்டத்திலோ ஒலிபெருக்கி வைத்தவரிடம் போய், "ஐயா, கொஞ்சம் குறையுங்கள்" என்று கேட்டால், "ஊரில் யாருக்கும் இல்லாத தொந்தரவு உமக்கு மாத்திரம் என்ன வந்தது?" என்பதாகத்தான் பதில் வருகின்றது. இந்தப் பதிலில் நியாயம் உண்டா என்று பார்ப்போம்.

துணியை அளந்து வாங்குகிறோம். அரிசியை நிறுத்து வாங்குகிறோம். கையால் தூக்கிப் பார்த்து எடை சொன்னால் எந்தக் கடைக்காரராவது ஒப்புவாரா? ஆனால் சத்தத்திற்கு மாத்திரம் காதால் தூக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். காதோ நேர்மையான தராசு அல்ல. சத்தத்தின் சக்தி பத்து மடங்கு ஏறினாலும் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகவே தோன்றும். அன்றியும், வினாடிக்கு 100 தடவை அதிரும் ஆழ்ந்த தொனியைவிட 3000 தடவை அதிரும் தொனி, அதே சக்தியுடையதாயினும், பெரிதாகக் கேட்கும். 1933ல் அமெரிக்காவில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் பலரைக் கேட்கச் செய்து இதை அளந்து காட்டினார்கள்.

இதனாலேயே டெசிபல் என்ற அளவும், காதின் இக்குணத்தையும் கணக்கில் சேர்த்துக் காட்டும் கருவியும் வந்தன. 10 டெசிபல் கூடினால் சக்தி 10 மடங்கு; 20 கூடினால் 100 மடங்கு; 30 கூடினால் 1000 மடங்கு. இந்திய சர்க்காரின் 2000ம் வருஷத்து விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபலே எல்லை. அங்கே பகலில் 85 ஒலித்தால் எல்லையை ஆயிரம் மடங்கு மீறியதாகும்.

"எங்களுக்குப் பழகிப்போய்விட்டது" என்பார்கள். பழகியது மனமே தவிர காது அல்ல. 85 டெசிபலில் தினம் 8 மணி நேரத்திற்குமேல் இருப்பது காதுக்குக் கேடு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரந்தான். உட்காதிலுள்ள மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. செவிடாகிக்கொண்டு வருபவன்தான் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று அதிகமாகச் சொல்லுவான்!

இனி, பக்தியின் பேரால் சலுகை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000ம் வருஷத்தில், சென்னையிலிருந்த ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கில், ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோதான் பிரார்த்தனை செய்யவேண்டுமென்று எந்த மதமும் சொல்லவில்லையென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அது பொதுவே. எங்கும் நிறைந்தவர் என்று சொல்லப்படும் கடவுளுக்குக் காது கேட்க எத்தனை டெசிபல் வேண்டும்?

நமது பிரசாரக் கூட்டங்களுக்கும் இதே அளவுதான். பகுத்தறிவைப் பேசும் குழாயும் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும்.

தோழர்களே! நோயாளியும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் ஊரோடு சண்டையிட முடியாது. கைதூக்கி எண்ணினால் அவர்கள் என்றும் தோற்பவர்களே. கருவி ஒன்றுதான் ஜாதி பார்க்காமல், மதம் பார்க்காமல், கூட்டத்திற்குப் பயப்படாமல் அவர்களுக்காகச் சாட்சி சொல்லும். ஆகவே அடுத்த தடவை தகராறு வந்தால் யார் காது சரியென்று வாதாட வேண்டாம். "அளந்து பாருங்கள்" என்று மாத்திரம் கேளுங்கள்.