முறிவை ஒட்டவைக்கும் கணக்கு



‘அல்ஜீப்ரா’ என்றதும் முகம் சுளிப்போர் நம்மில் பலர். அச்சொல்லை உலகுக்கு வழங்கியவர் நம் அறிஞர் ஒருவரே என்பதை எத்தனை பேர் அறிவர்? கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் அரபுச் சொல்லே அது. முறிந்த எலும்பை ஒட்டவைப்பதையும் அச்சொல் குறிக்கும். வாரிசுரிமை, மரண சாசனம், வணிகம் முதலியவற்றில் மக்களுக்குப் பயன்படவே அந்நூலை எழுதியதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். ஆகவே, அது நம் குடும்பத்துக்கும் உரிய கணக்கு.

கணவரை இழந்த சகோதரி ஒருவரிடம் 90,000 ரூபாய் உள்ளது எனக் கொள்வோம். இரு நிறுவனங்களின் பங்குகளை வாங்குமாறு அதைத் தம் தம்பியிடம் ஒப்படைக்கிறார். “புதிய நிறுவனத்தைவிடப் பழைய நிறுவனத்தில் 20,000 ரூபாய் கூடுதலாக இருக்கட்டும், தம்பி” என்கிறார்.

தம்பி அவசரக்காரர். 45,000 வீதம் சரிபாதியாகப் பிரித்து, ஒன்றிலிருந்து 20,000-ஐ எடுத்து மற்றதில் சேர்க்கிறார். 65,000, 25,000 என்றாகிறது. கூட்டினால் 90,000 வருவதால் சரியெனவே தோன்றும். ஆனால் வித்தியாசமோ 40,000!

அல்குவாரிஸ்மி, அறியாத தொகையை ‘ஷைஉ’, அதாவது ‘பொருள்’ என்பார். பழைய நிறுவனத்துக்குரியது ஒரு பொருள் எனில், புதியதற்குரியது 20,000 குறைந்த ஒரு பொருள். இரண்டும் சேர்ந்தால், 20,000 குறைந்த இரு பொருள்கள். அவை 90,000-க்குச் சமம். அந்தக் குறையே முறிவு. இருபுறமும் 20,000-ஐச் சேர்த்தால் முறிவு ஒட்டிவிடும். இரு பொருள்கள் 1,10,000. ஒரு பொருள் 55,000. மீதி 35,000 புதியதற்கு. பழைய பங்கின் விலை 500, புதியதன் விலை 350 எனில், முறையே 110 பங்குகளும் 100 பங்குகளும் வாங்கலாம். தரகுச் செலவு தனி.

இதிலென்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? பழைய பங்கின் விலை பாதியாக வீழ்ந்தால், சரியான பங்கீட்டில் இழப்பு 27,500. தம்பியின் பங்கீட்டிலோ 32,500. கூடுதலாகப் போன 5,000 ரூபாய் அந்தச் சகோதரியின் பணம். அவர் சம்மதியாத இழப்பு!

எத்தனை பங்கு என்பதைத்தான் கணக்கு சொல்லும். எந்தப் பங்கு என்பதைச் சொல்லாது. வட்டி, மது, சூது ஆகியவற்றில் ஈடுபடும் நிறுவனமா என்பதை முதலில் விசாரியுங்கள். ஐயமிருப்பின் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். விலை ஏறுமா, இறங்குமா என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

பிறர் பணம் நம் கையில் அமானிதம். எண்ணம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. கணக்கும் சரியாயிருக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குப் போதிக்கிறது. அந்த ஒழுங்கை இதிலும் பேணுவோம். பங்கு வாங்குமுன் கணக்கை ஒரு தாளில் எழுதி, பணத்துக்கு உரியவரிடம் காட்டி, அவர் சம்மதம் பெறுவோமாக!

வஸ்ஸலாம்.