முறுக்கு, கரடி, அப்புறம் ஒரு பொய்

போன வாரம் ஆபீஸில் புதுசா சேர்ந்திருக்கிற தம்பி ஒருத்தன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு என் சீட்டுக்கு வந்தான். "அண்ணா, நாங்க நாலு பேரு யோசெமிட்டிக்கு பேக்பேக்கிங் போறோம். லிஸ்ட் சரியான்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னான்.

பார்த்தேன். அசந்துட்டேன். டென்ட் ஒரு கிலோவுக்கும் கீழே. தூங்குற பை வாத்து இறகு. ஸ்பூன் டைட்டானியம். டூத் பிரஷ்ஷோட கைப்பிடியைப் பாதியா வெட்டினா எத்தனை கிராம் மிச்சம்னு தனியா ஒரு வரிசை வேற! சிரிக்காதீங்க மக்களே, பொட்டி தட்டுற நம்ம எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. எதையாவது ஆப்டிமைஸ் பண்ணலைன்னா தூக்கம் வராது.

லிஸ்டோட கடைசி வரிசையில இப்படி இருந்தது: "கரடி டப்பா - 1.2 கிலோ - தேவையா??"

அந்த ரெண்டு கேள்விக்குறிக்குப் பதில்தான் இந்தப் பதிவு. அவன்கிட்ட நேர்ல பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல வெட்கமா இருந்தது. இங்க சொல்லிடுறேன்.

கரடி டப்பான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கெட்டியான பிளாஸ்டிக்கில் செஞ்ச, நம்ம வீட்டு முறுக்கு டின் சைஸ் டப்பா. வழவழன்னு உருண்டையா இருக்கும், கரடியோட வாய்க்கோ நகத்துக்கோ பிடி கிடைக்காது. மூடியைத் திறக்கணும்னா விரலை வெச்சு ஒரு இடத்தில் அழுத்தித் திருகணும். சில மாடல்ல காசை வெச்சுத் திருகணும். பரவலா விக்கிற பியர்வால்ட் 500-ல பதினொன்றரை லிட்டர் பிடிக்கும். யோசெமிட்டி காட்டுக்குள்ள ராத்திரி தங்கணும்னா இந்த மாதிரி டப்பா கட்டாயம். மரத்தில் கயிறு கட்டிச் சாப்பாட்டைத் தொங்கவிடுற பழைய வித்தை அங்க செல்லாது. கயிறை எப்படி இறக்குறதுன்னு கரடிகள் எப்பவோ கத்துக்கிச்சு.

இந்த டப்பாக்களைச் சோதிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மொன்டானாவில் வெஸ்ட் யெல்லோஸ்டோன்ங்கிற ஊர்ல ஒரு கரடிக் காப்பகம் இருக்கு. டப்பாவுக்குள்ள திங்கிற பொருளைப் போட்டு அங்க இருக்கிற கிரிஸ்லி கரடிகள் கிட்ட குடுத்துடுவாங்க. மொத்தம் 60 நிமிஷம் கரடி கடிச்சு, மிதிச்சு, உருட்டியும் டப்பா உடையலைன்னா பாஸ். நம்ம க்யூ.ஏ. டீம்ல இப்படி ஒரு ஆள் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க :-)

சரி, மேட்டருக்கு வருவோம். தம்பி கேட்டது என்னன்னா, "கறுப்புக் கரடிதானே அண்ணா, மனுஷனை ஒண்ணும் பண்ணாதாமே, எதுக்கு இந்த வெயிட்டு?" கேள்வியிலேயே தப்பு இருக்கு. அந்த டப்பா நம்மளைக் காப்பாத்த இல்லை. கரடியைக் காப்பாத்த.

கொஞ்சம் வரலாறு. யோசெமிட்டியில் 1940 வரைக்கும் பார்க் ஆளுங்களே மேடை போட்டு, குப்பை உணவைக் கொட்டி, கரடி தின்னுறதை சுற்றுலாப் பயணிகளுக்கு ஷோ காட்டினாங்க. மனுஷன்னா சாப்பாடுன்னு கரடிக்குச் சொல்லிக் குடுத்ததே நாமதான். அதுக்கப்புறம் கார் வந்தது, கூலர் வந்தது, சிப்ஸ் வந்தது. 1998-ல மட்டும் கரடிச் சம்பவங்கள் 1500-ஐத் தாண்டின. நஷ்டம் ஆறு லட்சம் டாலருக்கு மேல. கார் கதவை மேல்பக்கமாப் பிடிச்சு இழுத்து மடக்கிடுமாம். எந்தக் காரை அதிகமா உடைக்குதுன்னு 2009-ல ஒரு ஆய்வு வந்தது. முதலிடம் மினிவேனுக்கு. குழந்தைங்க கீழே சிந்தின தீனி வாசனை காரணமா இருக்கலாம்னு ஒரு ஊகம். 1998-க்கு அப்புறம்தான் இரும்புப் பெட்டி, கட்டாய டப்பா, அபராதம், ராத்திரி ரோந்துன்னு பிடியை இறுக்கினாங்க. இன்னிக்கு அந்த எண்ணிக்கை 1998-ல இருந்ததில் ஒரு துளிதான். இதுக்காகக் கரடியோட மூக்கை யாரும் மாத்தலை. மாறினது நம்ம பழக்கம்தான்.

மாறாத இடத்தில் என்ன ஆகும்? ஒரு தடவை மனுஷச் சாப்பாட்டை ருசி பார்த்த கரடி திரும்ப வரும். பயம் குறையும். பகல்லயே வரும், டென்ட்டைக் கிழிக்கும். தன் குட்டிக்கும் அதையே சொல்லிக்குடுக்கும். பிடிச்சு தூரத்தில் விட்டாலும் திரும்பி வந்துடும். கடைசியில் ஊசி போட்டுக் கொல்றதைத் தவிர வழி இல்லைன்னு ஆகிடும். நமக்குப் போறது ஒரு பாக்கெட் சிப்ஸ். அதுக்குப் போறது உயிர்.

இப்ப வெட்கப்படுற பாகம்.

சில வருஷம் முன்னாடி நாங்க நாலு பேர், யோசெமிட்டியோட வடமேற்கு மூலையில் இருக்கிற ஹெட்ச் ஹெட்சிக்குப் போனோம். சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிதண்ணி போற நீர்த்தேக்கம் அங்கதான். ஓ'ஷாக்னசி அணைமேல நடந்து, சுரங்கத்தைத் தாண்டி, வாபமா அருவிச் சாரலில் நனைஞ்சு, பத்துப் பதினொரு கிலோமீட்டர் போனா ரான்சேரியா அருவி. ரெண்டு ராத்திரி அங்க தங்குறதா பிளான்.

நண்பனோட அம்மா அப்ப ஈரோட்டுல இருந்து வந்திருந்தாங்க. "நாலு பசங்க மலையேறப் போறீங்க, வயிறு வாடக்கூடாது கண்ணு"ன்னு புளியோதரை, பருப்புப்பொடி, நெய்யில் சுட்ட முறுக்குன்னு கட்டிக் குடுத்துட்டாங்க. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு டப்பா. பெர்மிட் கவுண்டர்ல ரேஞ்சரம்மா கேட்டாங்க: "நாலு பேர் சாப்பாடு, பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், குப்பை எல்லாம் இந்த ஒண்ணுக்குள்ள அடங்குமா?"

"அடங்கும்"னேன். சொன்னது நான்தான். அடங்காதுன்னு எனக்குத் தெரியும். இன்னொரு டப்பா எடுத்தா இன்னொரு 1.2 கிலோ, அதை யாரு தூக்குறதுன்னு காலையிலயே ஒரு சண்டை முடிஞ்சிருந்தது.

முதல் ராத்திரி டப்பாவுக்குள்ள முறுக்குப் பை மட்டும் அடங்கலை. "ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டிட்டேன் மச்சி, வாசனை வராது"ன்னு ஒருத்தன் அதைத் தன் பையில் போட்டு டென்ட் வாசல்ல வெச்சான். நானும் பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். யாரோ மூக்குறிஞ்சுற மாதிரி சத்தம். என் தலைக்கும் அதுக்கும் நடுவில் ஒரு கிலோகூட இல்லாத நைலான் துணி. விலை 400 டாலர்! அப்புறம் பை தரையில் இழுபடுற சத்தம். கத்தினோம், பாத்திரத்தைத் தட்டினோம். வெளிய வந்து ஹெட்லைட் அடிச்சா, முப்பது அடி தள்ளி உக்காந்து நிதானமா முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கு. ரொம்பப் பெருசுகூட இல்லை. ஒரு காதில் அடையாள வில்லை தெரிஞ்சது. அப்படின்னா அது ஏற்கெனவே பிடிபட்டு, கணக்கில் ஏறின கரடி. முழுசாத் தின்னு முடிச்சுட்டுத்தான் போச்சு.

காலையில் கிழிஞ்ச கவரைப் பொறுக்கினோம். ரெண்டாவது ராத்திரி தங்காமத் திரும்பிட்டோம். வழியெல்லாம் ஒரே பேச்சு: ரேஞ்சர்கிட்ட சொல்றதா வேண்டாமா? சொன்னா அபராதம். சிலர் விசாவில் இருக்கோம், எதுக்கு வம்பு? பேசாம காரை எடுத்துட்டு வந்துட்டோம்.

என்னை இன்னிக்கும் அரிக்கிறது முறுக்கு இல்லை, இந்த மௌனம்தான். அங்க ஒரு கரடி கேம்புக்குள்ள வருதுன்னு சீக்கிரமே தெரிஞ்சா ரேஞ்சர்கள் போய் விரட்டி, திரும்ப பயத்தை உண்டாக்கிப் பார்ப்பாங்க. அடுத்து வர்றவங்களை எச்சரிப்பாங்க. தெரிஞ்சே ஒரு பக்கை ரிப்போர்ட் பண்ணாம புரொடக்‌ஷன்ல விட்டுட்டு வீட்டுக்குப் போன மாதிரி நாங்க வந்துட்டோம். அந்தக் கரடிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்குற தைரியமும் இருந்ததில்லை.

"ஒரு பாக்கெட்டால என்ன ஆகிடும்"னு கேக்குறவங்களுக்கு இன்னொரு கரடியைப் பத்திச் சொல்றேன். நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலையில் ஒரு பெண் கரடி. காதில் ரெண்டு மஞ்சள் வில்லை, அதனால பேரே யெல்லோ யெல்லோ. அறுபது கிலோகூடத் தேறாத, கூச்ச சுபாவமுள்ள கரடியாம். அது பியர்வால்ட் டப்பாவைத் திறக்கக் கத்துக்கிச்சு. கம்பெனி அடுத்த மாடல்ல ரெண்டாவதா ஒரு பூட்டு சேர்த்தது. அதையும் திறந்துடுச்சு! கடைசியில் 2012 வேட்டைக் காலத்தில் ஒரு வேட்டைக்காரர் சுட்டதில் செத்துப்போச்சு. கத்துக்கிற மிருகம் இது. நாம ஒவ்வொருத்தரும் விட்டுட்டு வர்ற ஒவ்வொரு பாக்கெட்டும் அதுக்கு ஒரு பாடம்.

இதையெல்லாம் அமெரிக்கக் கதைன்னு ஒதுக்கவும் முடியாது. நீலகிரியில் கோத்தகிரி பக்கம் கரடி கோவிலுக்குள்ள புகுந்து விளக்கெண்ணெய் குடிச்சுட்டுப் போறது அடிக்கடி செய்தியில் வருதே. அது வேற இனம், திடீர்னு எதிர்ல மாட்டினா ஆளைத் தாக்கும், அதுகிட்ட கலிபோர்னியா வித்தையெல்லாம் காட்டக் கூடாது. ஆனா வாசனைக்கு வர்ற காரணம் ஒண்ணுதான்.

தம்பிக்குக் குடுத்த யோசனைகள், உங்களுக்கும் ஆகும்:

1. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி, வாசனை உள்ள எல்லாத்தையும் ஹால்ல பரப்பி டப்பாவுக்குள்ள அடுக்கிப் பாருங்க. உதட்டுக்குப் போடுற களிம்பு, ஈரத் துடைப்பான் உட்பட. அடங்கலைன்னா இன்னொரு டப்பா, இல்லைன்னா அம்மா குடுத்த முறுக்கு காரில் ஏறும் முன்னாடியே வயித்துக்குள்ள. ட்ரெயில் வாசல்ல விட்டுப் போற கார்லயும் வைக்காதீங்க, அதுக்குத்தான் அங்க இரும்புப் பெட்டி இருக்கு.

2. ராத்திரி டப்பாவை டென்ட்டை விட்டுத் தள்ளி, தரையில் வைங்க. ஆத்தோரம், பள்ளத்தோரம் வேண்டாம், உருட்டி விட்டுடும். கயிறு கட்டாதீங்க, அது பிடிச்சு இழுத்துட்டுப் போக வசதி. மூடி சரியா மூடியிருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. திறந்த டப்பா வெறும் பிளாஸ்டிக் குடம்.

3. சமையல் டென்ட்டை விட்டுத் தள்ளி.

4. எந்தக் காட்டுக்கு என்ன விதின்னு படிச்சுட்டுப் போங்க. மிளகாய்க் காரம் அடைச்ச கரடி ஸ்பிரேயை யெல்லோஸ்டோன்ல கையோட வெச்சுக்கச் சொல்வாங்க. யோசெமிட்டியில் அதுக்கே தடை.

5. தப்பு நடந்தா சொல்லிடுங்க. அபராதம் கட்டினாலும் பரவாயில்லை.

அஞ்சாவதை மட்டும் தம்பிகிட்ட சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. அவன் கவனிச்சானான்னு தெரியலை. நேத்து அந்த ஷீட்டைத் திரும்ப அனுப்பியிருந்தான். கேள்விக்குறி ரெண்டும் போயிருந்தது. எண்ணிக்கை வரிசையில 2-ன்னு போட்டிருந்தான்.

டூத் பிரஷ்ஷை மட்டும் வெட்டியேதான் தீருவானாம். வெட்டட்டும்.