பின்கதவு தாங்கும் பாரம்

சிறு சரக்கு வாகனம் ஒன்றை வாங்க நினைப்பவர், அது எத்தனை கிலோ சுமக்கும், லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும், மாதத் தவணை எவ்வளவு என்ற விஷயங்களையெல்லாம் நாலு பேரிடம் விசாரித்துத் திருப்தியடைந்த பின்னரே முன்பணம் கொடுக்கிறார். ஆனால் அதே வண்டியின் பின்கதவைத் திறந்து, இருபுறமும் சங்கிலியில் மாட்டிக் கிடையாக நிறுத்தினால் அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று கேட்பவரைக் காண்பது அரிது. கேட்டால் தயங்காமல் விடை சொல்லும் விற்பனையாளரைக் காண்பது அதனினும் அரிது. உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு இப்படி ஒருவருக்கும் தெரியாமல் கிடப்பது நியாயமன்று. அந்தக் கணக்கு கதவின்மேலேயே எல்லாரும் படிக்கும்படி பொறிக்கப்பட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்தபோது, அதுவரை மாட்டுவண்டியையும் மூன்று சக்கர வண்டியையும் நம்பியிருந்த சில்லறை வியாபாரிகளுக்கும், சொந்தமாக ஒரு தொழில் வேண்டுமென்று ஏங்கிய எத்தனையோ இளைஞர்களுக்கும் புதிய ஜீவனமார்க்கம் ஒன்று திறந்தது. நம் ஜனங்கள் பிரியத்தோடு அதற்குக் குட்டி யானை என்று பெயரிட்டார்கள். அதன் பின்னர் ஓசூரில் உற்பத்தியாகும் அசோக் லேலண்டின் தோஸ்த்தும், மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் அதே வழியில் பெருகின. இன்று கோயம்பேட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் விடியுமுன் காய்கறி ஏற்றி நிற்கும் இந்தச் சிறு வண்டிகள் இல்லையென்றால் நம் ஊர்க் கடைகளில் தராசுகள் வெறுமையாகத்தான் தொங்கும். அவற்றை ஓட்டுகிறவர்களும், அவற்றில் மூட்டை ஏற்றி இறக்குகிற லோடுமேன்களும் படும் சிரமத்தை நன்கு உணர்ந்தே இதை எழுதுகிறேன்.

அந்த முதல் குட்டி யானைக்கு விதிக்கப்பட்ட சுமை 750 கிலோ. இந்த எண்ணைப் பற்றிய ஒரு மயக்கத்திலிருந்துதான் பாதி அபாயம் பிறக்கிறது. வண்டியின் தரைப்பரப்பு முழுவதும் ஒரே சீராகப் பரவி, அடியிலுள்ள சட்டத்தின் வழியே வில்பட்டைகளுக்கும் சக்கரங்களுக்கும் இறங்குகிற சுமைக்கே அந்த எண் பொருந்தும். திறந்து தொங்கும் பின்கதவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. கதவின் அடியில் சட்டம் கிடையாது, சக்கரம் கிடையாது. அடிவிளிம்பில் இரண்டு மூன்று கீல்களும், வெளிவிளிம்பின் இரு மூலைகளில் இரண்டு சங்கிலிகளும் தவிர அதற்கு வேறு ஆதாரமே இல்லை. சரக்கு உருண்டு விழாமல் தடுத்து நிற்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு பலகையை, அவசரத்துக்கு நாம் மேடையாகவும், படியாகவும், பெஞ்சாகவும், வண்டியின் நீளத்தைக் கூட்டும் தரையாகவும் உபயோகித்துக்கொண்டிருக்கிறோம்.

சங்கிலியின் கணிதம் சற்றுக் கவனிக்கத் தக்கது. கதவின் வெளிவிளிம்பில் 100 கிலோ வைத்தால் இரண்டு சங்கிலிகளும் தலைக்கு 50 கிலோ தாங்கும் என்றே சாதாரணமாக எவருக்கும் தோன்றும். சங்கிலிகள் செங்குத்தாக மேலிருந்து தொங்கினால் அது மெய்தான். ஆனால் அவை பக்கப்பலகையிலிருந்து சரிந்து வந்து கதவைப் பிடிக்கின்றன. சரிவு 45 பாகையானால் ஒவ்வொன்றின் மீதும் ஏறக்குறைய 70 கிலோ இழுப்பு விழுகிறது. 30 பாகையானால் அது 100 கிலோவாகிறது. பக்கப்பலகை தாழ்வாகவும் கதவு அகலமாகவும் அமைந்த வண்டிகளில் சங்கிலி இன்னும் படுத்துக்கொள்வதால் இழுப்பு இன்னும் ஏறும். அந்த 100 கிலோவை நடுவில் வைக்காமல் ஒரு மூலையில் வைத்தாலோ, ஏறக்குறைய முழு இழுப்பும், அதாவது 30 பாகைச் சரிவில் 200 கிலோ, அந்த மூலையின் ஒரே சங்கிலிமேல் வந்து சேருகிறது. சங்கிலி தாங்கினாலும் அதை மாட்டியிருக்கும் கொக்கி தாங்க வேண்டும். கொக்கி தாங்கினாலும் அதைப் பற்றவைத்த மெல்லிய தகடு தாங்க வேண்டும். இவற்றுள் எது பலவீனமோ அதுவே கதவின் பலம்.

இதுவரை சொன்னது அசையாமல் வைத்த பாரத்தின் கணக்கு. லோடுமேன் ஒருவர் 50 கிலோ சிமென்ட் மூட்டையைத் தோளில் சுமந்து கதவின் விளிம்பில் கால் வைத்து ஏறுகிறார் என்று கொள்வோம். அவர் உடலும் மூட்டையும் சேர்ந்து 110 கிலோவுக்குக் குறையாது. அந்தப் பாரம் முழுவதும் ஒரு பாதத்தின் அளவான இடத்தில், பெரும்பாலும் மூலைக்குப் பக்கத்தில், ஒரே கணத்தில் விழுகிறது. மெல்ல மெல்ல ஏற்றிய பாரத்தைக் காட்டிலும் சட்டென்று ஏற்றிய பாரம் இரண்டு மடங்கு தகைவைத் தரும் என்பது பொறியியல் மாணவர் யாவரும் ஆரம்ப வகுப்பிலேயே படிக்கும் பாடம்; உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மடங்கோடு நிற்பதும் இல்லை. எரிவாயு உருளைகளை வண்டியிலிருந்து கதவின்மேல் தொப்பென்று இறக்கி அங்கிருந்து கீழே உருட்டுகிற வழக்கம் எத்தனை கொடியது என்பதை இதைக்கொண்டு ஊகிக்கலாம்.

இத்தனைக்கும் கதவு முறிகிற நாள் பெரும்பாலும் அதிக பாரம் ஏற்றிய நாளாக இருப்பதில்லை. நேற்றுவரை தாங்கிய பாரத்தையே இன்று தாங்காமல் அது விழுவதற்குக் காரணம் துரு. அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க பிரமாணம். 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், சில வருஷங்களே ஓடியிருந்த ஏறக்குறைய 40 லட்சம் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் பின்கதவைத் தாங்கியவை துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிவடங்கள். மேலுறைக்குள் ஈரம் புகுந்து தங்கியதால் வடங்கள் உள்ளேயே அரித்துப்போய், கதவின்மேல் உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும் எதிர்பாராமல் கீழே விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு காயங்கள் பதிவாயின. அவ்வடங்களுக்குப் பதிலாகத் துருவேறா எஃகு வடங்கள் மாட்டித் தரப்பட்டன. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தப் பழைய வடங்கள் புதிதாகவே தெரிந்தன என்பதுதான் இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய அம்சம். உப்புக்காற்று வீசும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும், மீன்கூடைகளிலிருந்து உப்புநீர் சொட்டச் சொட்ட ஓடும் வண்டிகளின் கொக்கிகளும் கீல்களும் எந்நிலையில் இருக்கும் என்பதை யாரும் எனக்கு விவரிக்க வேண்டியதில்லை.

அதே அமெரிக்காவில் இப்போது சில நிறுவனங்கள் பின்கதவின் பலத்தை வெளிப்படையாக எண்ணில் சொல்கின்றன. ஜி.எம்.சி. வண்டிகளில் படியாக மடங்கும் ஒரு கதவுக்கு 375 பவுண்டு, அதாவது சுமார் 170 கிலோ, என்று வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. வரம்பு அதிகமா குறைவா என்பதைவிட, அது சொல்லப்பட்டிருப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண் தெரிந்தவன் அதை மீறினால் குற்றம் அவனுடையது. எண்ணே தெரியாதவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வண்டி நிற்கும்போதே இவ்வளவு என்றால், ஓடும்போது நேர்கிற விபரீதம் வேறு வகையானது. கதவு பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால் அதன்மேல் வைத்த ஒவ்வொரு கிலோவும் வண்டியின் முன்பக்கத்தை மேலே தூக்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், முன்னச்சின்மேல் இருந்த பாரத்தில் 50 கிலோ குறைந்து பின்னச்சின்மேல் 150 கிலோ கூடுகிறது. முன்சக்கரங்களின் பிடிப்பில்தான் ஸ்டீயரிங்கின் ஆணை செல்லுபடியாகும். அந்தப் பிடிப்பு தளர்ந்த வண்டி வளைவில் ஓட்டுநர் எண்ணிய பாதையில் திரும்பாது. கம்பிகளையோ பீரோவையோ கதவின்மேல் நீட்டி வைத்துப் போகும்போது சிவப்பு விளக்கும் எண்பலகையும் மறைந்துபோவதும், இரவில் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் அதை உணரும்போது காலம் கடந்துவிடுவதும் வேறு. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்புறம் நீட்டிய சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

மனிதர்கள் அந்தக் கதவில் உட்கார்ந்து போவதுதான் என் மனத்தை மிகவும் வருத்துகிறது. களையெடுப்புக்குப் போகும் பெண்களும், திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் போகும் உறவுக்கூட்டமும் பொருள் வண்டியில் நெருக்கியடித்து ஏறி, உள்ளே இடமில்லாத இளவட்டங்கள் திறந்த கதவில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பிரயாணம் செய்வது நம் கிராமச் சாலைகளில் பிரத்தியட்சமான காட்சி. ஒரு கதவில் நான்கு வாலிபர்கள் உட்கார்ந்தால் 240 கிலோ; பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறுகையில் சங்கிலிக்கு அது அவ்வளவாக மட்டும் இராது. பொருள் வண்டியில் கட்டணமின்றி ஏறிச் சென்றவர் இறந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டின் இறுதியில் தீர்ப்பளித்திருக்கிறது. உயிர் போன வீட்டார், தம்மைப்போலவே கஷ்டஜீவனம் நடத்தும் வண்டிச் சொந்தக்காரரிடம்தான் கை நீட்டி நிற்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பஸ் வராத ஊரில் இருப்பவர்கள் வேறு எப்படிப் போவார்கள், இரண்டு நடைக்கு வாடகை கொடுக்க முடியாத ஏழை வேறு என்ன செய்வான் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது; அறுவடைக் காலத்திலும் திருவிழா நாட்களிலும் உட்பாதைகளில் பஸ் விடுவது சர்க்காரின் கடமை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் ஏழ்மையைக் காரணம் காட்டிச் சங்கிலியைச் சமாதானப்படுத்த முடியாது. பாரம் ஏற்றுகிறவனின் வறுமை கொக்கிக்குத் தெரியாது.

கதவைத் திறந்து நிறுத்தி, நடுவிலும் மூலையிலும் பாரம் வைத்துப் பரிசோதித்து, நிற்கும் வண்டிக்கு இவ்வளவு, ஓடும் வண்டிக்கு இவ்வளவு அல்லது பூஜ்யம் என்ற எண்களைக் கதவின் உட்புறத்தில் அழியாத எழுத்தில், தமிழ்நாட்டில் விற்கும் வண்டிக்குத் தமிழிலேயே, பொறித்துத் தருவது உற்பத்தியாளருக்குப் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. அதுவரை கனத்த பொருளைக் கீலை ஒட்டியே வைப்பதும், ஏறி இறங்க விளிம்பை மிதிக்காமல் தனிப் பலகையோ முக்காலியோ வைத்துக்கொள்வதும், வண்டி நகருமுன் கதவைச் சாத்துவதும் ஓட்டுநர்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவை. சரக்கு வண்டிகள் முதல் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருஷந்தோறும் தகுதிச் சான்றுக்கு வந்தாக வேண்டும். எஃப்.சி.க்கு வருகிற அந்த நாளில் பிரேக்கையும் விளக்கையும் பார்க்கிற அதிகாரி, பின்கதவையும் திறக்கச் சொல்லி, சங்கிலியின் உறையை விலக்கித் துருவைப் பார்த்து, கீலின் ஆணி தேய்ந்திருந்தாலோ கொக்கியின் பற்றவைப்பு விரிந்திருந்தாலோ மாற்றிக்கொண்டு வரும்படி வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.