தில்லிக் குளிரும் இதய நோயாளிகளும்

மார்கழி பிறந்ததும் தில்லித் தமிழர் கம்பளியையும் ரஜாயையும் வெளியே எடுத்துவிடுகின்றனர். இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் உள்ள வீடுகளில் இந்த முன்னெச்சரிக்கை மட்டும் போதாது.

பைபாஸ் சிகிச்சைக்குப் பின் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் துடிதுடிக்கும் இக்கோளாறை மருத்துவர்கள் 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' என்பர். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளிலேயே தலைகாட்டுவதால் ஆஸ்பத்திரியிலேயே கவனித்துவிடுகிறார்கள். வீடு திரும்பிய பிறகு வந்தால் கவனிக்க ஆளிருப்பதில்லை. மேலறையில் தேங்கிய ரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் தாக்கும்.

அறுவைக்குப் பின் வரும் கோளாறில் பருவத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒருமிக்கவில்லை. ஆனால், பொதுவாக இக்கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வோர் குளிர்காலத்தில் அதிகம் என டென்மார்க், ஸ்காட்லாந்து நாடுகளின் பதிவுகள் காட்டுகின்றன. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் உயர்கிறது. சளிக்காய்ச்சலும் இதயத்துக்குச் சுமையாகிறது. தில்லியிலோ புகைமூட்டமும் சேர்ந்துகொள்கிறது.

கீரை விஷயத்திலும் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் பாலக்கும் கடுகுக் கீரையும் மலிவாகக் குவிகின்றன. ரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென இவற்றை அதிகம் உண்டால், இவற்றிலுள்ள வைட்டமின் 'கே' மருந்தின் பலனைக் குறைத்துவிடும். கீரையை விலக்க வேண்டியதில்லை. எப்பருவத்திலும் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில துடிப்பை விரைவுபடுத்தக் கூடியவை. மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது.

இவற்றையெல்லாம் நோயாளிக்கு யார் சொல்வது? ஊரிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, இங்கே அறுவை செய்துகொள்ளும் முதியோர் பலருக்கு இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் சீட்டு அவர்களுக்கு வெறும் காகிதமே. குளிர்கால எச்சரிக்கைகளை நோயாளியின் மொழியில் ஒரு பக்கம் அச்சிட்டுத் தர மருத்துவமனைகள் முன்வர வேண்டும். தமிழாக்கித் தரும் பொறுப்பை இங்குள்ள தமிழ் அமைப்புகள் ஏற்கலாம். வட்டார அரசு மருந்தகங்களில் இத்தகையோருக்குக் குளிர்காலம் முழுவதும் நாடிப் பரிசோதனையும், தேவையானால் இ.சி.ஜி.யும் தாமதமின்றிக் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. பெரியவரின் மணிக்கட்டில் விரல் வைத்துத் தினமும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கச் செலவொன்றும் இல்லை. துடிப்பு ஒழுங்கு தவறினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, பொழுது விடியட்டும் எனக் காத்திராமல் அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.