ஆஞ்சான் கயிறு: எல்லாப் படகுக்கும் டைனீமா வேண்டுமா?

பாயை மேலேற்றி நிறுத்தி வைக்கும் கயிற்றை நம் கடலோடிகள் ஆஞ்சான் என்றனர். ஆங்கிலேயர் ஹாலியார்ட் என்பர். மேலைநாடுகளில் பழைய பாய்ப்படகொன்றை வாங்கி, ஓய்வுக்காலத்தைக் கடலில் கழிக்க விரும்புவோர் இக்கயிற்றை மாற்றச் சென்றால், டைனீமா வாங்கும்படியே பெரும்பாலும் அறிவுரை கிடைக்கிறது. பந்தயப் படகுக்கு அது பொருந்தும். குடும்பத்துடன் உலாச் செல்லும் படகுக்கும் அதுவே கட்டாயம் என்பதை நான் ஏற்கவில்லை.

ஆஞ்சான் நீளக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடில்லை. காற்று வலுக்கும்போது பாய் தட்டையாக இருத்தல் வேண்டும். கயிறு இழுபட்டால் பாயின் முன்விளிம்பு தளர்ந்து, அதன் வயிறு பின்னோக்கி நகரும். முன்னே செல்லவேண்டிய படகு சாயத் தொடங்கும், சுக்கானும் கனக்கும். நங்கூரக் கயிற்றுக்கு ஏற்ற நைலோன் ஆஞ்சானுக்கு உதவாதது இதனாலேயே. (வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டரை அடைந்தபோது அதில் செயற்கை இழைக் கயிறு இருந்திருக்க முடியாது. நைலோன் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அவ்வாண்டில்தான். பொலியெஸ்டர் இழை பிரித்தானியாவில் 1941இல் உருவானது.)

ஆனால் எவ்வளவு நீட்சி தீங்கானது? பாய்மர உச்சியிலிருந்து இறங்கி, தளத்திலுள்ள கயிறுபூட்டி வரை 17 மீற்றர் கயிறு சுமை தாங்குகிறது எனக் கொள்வோம். முறிவுச் சுமையின் பத்திலொரு பங்கில் சாதாரண இரட்டைப் பின்னல் பொலியெஸ்டர் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 34 சென்ரிமீற்றர் நீளும். டைனீமா ஏறத்தாழ அதன் கால்பங்கே நீளும். இந்த எண்களைக் கேட்டதும் பலர் மயங்கிவிடுகின்றனர். அந்த 34 சென்ரிமீற்றரில் பெரும்பகுதியைப் பாயை ஏற்றும்போதே வின்சினால் இழுத்து எடுத்துவிடுகிறோம். எஞ்சுவது, பின்னர் வீசும் காற்றில் சுமை கூடுவதால் ஏற்படும் மேலதிக நீட்சி மட்டுமே. உலாப் படகுகளில் வழக்கமான டேக்ரன் பாய் தானும் சற்று இழுபடும் துணியே.

எனவே நான் பரிந்துரைப்பது, உள்ளிழைகள் முறுக்கின்றி நேராக ஓடும் பொலியெஸ்டர் கயிறு. அதிலும் 10 மில்லிமீற்றருக்குப் பதிலாக 12 மில்லிமீற்றர் வாங்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு 44 சதவீதம் கூடும். நீட்சி அதற்கேற்பக் குறையும். ஈரக் கையாலும் பிடித்து இழுக்கலாம். கப்பியும் கயிறுபூட்டியும் அந்தத் தடிப்பை ஏற்குமா என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும்.

டைனீமாவிலும் குறைகள் உண்டு. வழுக்கும் தன்மை காரணமாகக் கயிறுபூட்டியில் நழுவலாம். முடிச்சிட்டால் வலுவில் பெரும்பகுதியை இழப்பதால் பின்னிச் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் உருகிவிடும். பொலியெஸ்டர் 250 பாகையைத் தாண்டும். தொடர்ச்சியான சுமையில் மெல்ல மெல்ல நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பாத குணமும் அதற்குண்டு. பருவம் முழுவதும் ஏற்றியபடியே இருக்கும் சுருட்டு முன்பாய்க்கு இது நல்லதன்று. புதிய ரகங்களில் இக்குறை வெகுவாகக் குறைந்துள்ளது. விலையும் அதற்கேற்ப உயர்ந்துள்ளது. வாரக்கணக்கில் பெருங்கடல் கடப்போர், அல்லது இழுபடாத அடுக்குத் துணிப்பாய் வைத்திருப்போர் பெரும்பாய்க்கு அதனை வாங்குவதில் நியாயமுண்டு.

மிச்சமாகும் பணத்தைப் பாய்மர உச்சியில் செலவிடுங்கள் என்பேன். ஆஞ்சான் பெரும்பாலும் சுமையால் அறுவதில்லை; தேய்ந்து அறுகிறது. முன்னர் கம்பிவடம் ஓடிய பழைய படகுகளில் கப்பியின் பள்ளம் ஒடுங்கி, விளிம்புகள் பிசிறடித்திருக்கும். அங்கே எந்தப் புதுக்கயிறும் அரைபட்டுப் போகும். கரையை நோக்கிக் காற்று தள்ளும் வேளையில் அது அறுந்தால் பெரும்பாய் சரிந்து விழும். புதுக்கயிறு கோக்க ஒருவர் ஆடும் மரத்தின் உச்சிக்கு ஏறவேண்டும். அவரைத் தாங்குவதும் இன்னொரு ஆஞ்சானே.

ஆதலால் கப்பியை மாற்றிய பின்னரே கயிறு வாங்குங்கள். வாங்கும்போது தேவைக்கு மேல் 2 மீற்றர் கூட்டி வாங்குங்கள். ஆண்டுக்கொருமுறை பாய்முனைப் பக்கத்தில் சிறிது வெட்டிவிட்டால், கப்பியில் தேயும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.