காவல் வண்டிக்கு விதிவிலக்கு வேண்டுமா?

சோழவரம் என்றதும் சென்னை மக்களுக்கு ஏரி நினைவுக்கு வரும். நம் தாத்தாமார்களுக்கோ கார்ப் பந்தயம் நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே அமைந்த விமான ஓடுதளம், போருக்குப் பின் பந்தயத் திடலாக மாறியது. 1950-களிலிருந்து 1980-கள் வரை கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே சீறிப் பாய்ந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்ததும் அந்த ஆரவாரம் நம் ஊரை விட்டுப் போயிற்று.

ஆரவாரம் போயிற்றே தவிர வேகம் போகவில்லை. இன்று அது தேசிய நெடுஞ்சாலை 16-இல் ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் செல்லும் கம்பெனி பஸ்கள், துறைமுகத்துக்கு விரையும் கன்டெய்னர் லாரிகள், ஆந்திரம் செல்லும் கார்கள் என்று இரவு பகல் ஓயாத சாலை இது. பந்தயத் திடலில் ஓடியவர்களுக்கு எதிரே புத்தகப் பையுடன் யாரும் குறுக்கே வந்ததில்லை. இந்தச் சாலையிலோ நாள்தோறும் நாங்கள் குறுக்கே வருகிறோம்.

ஒரு நாள் மாலை, பள்ளி விட்டுச் சாலையைக் கடக்கக் காத்திருந்தோம். அப்போது ஒரு காவல் வண்டி மிக வேகமாக வந்தது. சைரன் ஒலி இல்லை. மேல் விளக்கும் எரியவில்லை. முன்னே காலெடுத்து வைத்துவிட்ட ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை, பின்னால் நின்ற அக்காள் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை, கடவுளுக்கு நன்றி. அது எந்த ஊர் வண்டி என்று எங்களுக்குத் தெரியாது. அதற்கு அவசரப் பணி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை அறிய எங்களுக்கு வழியில்லை.

மறுநாள் வகுப்பில் இதுவே பேச்சாயிற்று. வேகத்தைப் படம் பிடிக்கும் காமிராக்கள் இப்போது சாலைகளில் வந்துவிட்டன. அவற்றில் சிக்கும் நம் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அபராதம் வருகிறது. அதே காமிராவில் காவல் வண்டி சிக்கினால், அதன் ஓட்டுநருக்கு அபராதம் உண்டா, விலக்கு அளிக்கலாமா? ஆசிரியை அனுமதியுடன் இரு அணியாகப் பிரிந்து வாதாடினோம். அதன் முடிவில் நாங்கள் கண்டதை இங்கே எழுதுகிறோம்.

விலக்கு வேண்டும் என்ற அணியினர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. திருடனை விரட்டும் வண்டி பலகையைப் பார்த்துப் பார்த்து ஓடினால் திருடன் ஆந்திர எல்லையைத் தாண்டிவிடுவான். விபத்தில் அடிபட்டவரிடம் முதலில் போய்ச் சேருவது பல நேரங்களில் காவல் வண்டிதான். நள்ளிரவில் ஒரு பெண் உதவி கேட்டு அழைத்தால், ஐந்து நிமிடம் முந்தி வருவதற்கும் பிந்தி வருவதற்கும் உள்ள வேறுபாடு உயிரினும் பெரிது. அப்படி ஓடிய ஓட்டுநருக்கு அபராதச் சீட்டு கொடுத்தால், அடுத்த முறை அவர் கால் தயங்காதா?

இதை நம் நாட்டுச் சட்டமும் எண்ணிப் பார்த்திருக்கிறது. சாலையில் வண்டி ஓட்டுவது பற்றி மைய அரசு 2017-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளில், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், காவல் வண்டி ஆகியவை அவசர ஊர்திகளாகச் சொல்லப்படுகின்றன. மிகுந்த அவசரம் நேரும்போது அவை வேக வரம்பை மீறலாம். சிவப்பு விளக்கையும் கடக்கலாம். ஆனால் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. சைரன் ஒலிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், ஓட்டுநர் உரிய கவனத்துடன் ஓட்ட வேண்டும். உயிரைக் காப்பது, தீயைத் தடுப்பது, பொது அமைதியைக் காப்பது போன்ற உண்மையான அவசரங்களுக்கே இவ்வுரிமை. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டமும் இதையொட்டியே சொல்கிறது. வேக வரம்பைக் கடைப்பிடித்தால் அந்தப் பணி தடைப்படும் என்ற நிலையில்தான் அங்கும் காவல் வண்டிக்கு விலக்கு.

ஆகவே இரு நாட்டுச் சட்டங்களும் விலக்கைப் பணிக்குத் தந்திருக்கின்றன, சீருடைக்குத் தரவில்லை. எங்கள் கருத்தும் இதுவே.

மறு அணியினர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் ஒரு குழந்தையைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த 22 மீட்டர் கடந்துபோகிறது. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பௌதிகப் பாடத்தின் இந்த விதிக்கு விலக்கே கிடையாது. காக்கி உடுத்தியவர் ஓட்டினாலும் வெள்ளை உடுத்தியவர் ஓட்டினாலும் இரும்பு இரும்புதான்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான சாலை விபத்துகள் நடந்தது நம் மாநிலத்தில்தான். நாடெங்கும் நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் மிகை வேகத்தால் என்று அரசின் அறிக்கையே கூறுகிறது. இவ்வளவு உயிர்கள் போகும் இடத்தில், வேகத்துக்கு விலக்குத் தருவது சிறு சலுகையாகாது.

சட்டத்தில் எங்களை வியக்க வைத்த பகுதி ஒன்றுண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, 210-பி என்ற பிரிவு புதிதாகச் சேர்ந்தது. இச்சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால், மற்றவர் செலுத்தும் தண்டத்தைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்பது அதன் பொருள். இலகு ரக வண்டியில் மிகை வேகத்துக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை என்றால், அவருக்கு அதன் இரட்டிப்பு. வேலியே பயிரை மேய்ந்தால் கேட்பார் யார் என்பார்களே, அதற்குச் சட்டம் சொன்ன விடை இது.

சீருடைக்கே விலக்கு என்ற எண்ணம் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் தமிழகமே பார்த்தது. நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர், பணியில் இருப்பதால் டிக்கெட் வாங்கத் தேவையில்லை என்றார். நடத்துநர் வாங்கத்தான் வேண்டும் என்றார். வாரண்ட் இருந்தால்தான் காவலர்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் தந்தது. உடனே பல ஊர்களில் போக்குவரத்துக் காவலர்கள் அரசுப் பேருந்துகளுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினர். பின்னர் இரு துறைச் செயலாளர்களும் பேசிச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

இதில் யாரையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. வெயிலிலும் மழையிலும் நிற்கும் காவலரின் துன்பத்தை நாங்கள் அறிவோம். ஆனால் வாரண்ட் என்ற அந்தச் சிறு காகிதத்தைக் கவனியுங்கள். கையில் அது இருந்தால் அரசுப் பணிக்குச் செல்கிறார் என்பதற்குச் சான்று உண்டு. இல்லையென்றால் அவரும் நம்மைப் போல் ஒரு பயணி. வேகத்துக்கும் இப்படி ஒரு சான்று இருந்தால் என்ன?

எங்கள் விவாதம் இந்த இடத்தில் முடிந்திருக்கும். அதுவரை வாய் திறவாமல் இருந்த தோழி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய அப்பா காவல்துறையில் ஓட்டுநர். எந்த ஊரில் என்பது இங்கே வேண்டாம். "எங்கள் அப்பா தாமாக வேகமாக ஓட்டுவதில்லை. பக்கத்தில் இருக்கும் அதிகாரி சீக்கிரம் போ என்றால் போக வேண்டும். மெதுவாகப் போனால் அவர் கோபிப்பார். வேகமாகப் போனால் காமிரா படம் எடுக்கும். சம்பளம் வாங்கிய அன்று இரட்டை அபராதம் கட்டிவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் அம்மா என்ன சமைப்பார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. இரு அணியிலும் அதற்கு உடனே விடை சொல்ல ஒருவரும் இல்லை.

அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது, சின்ன வயதில் கேட்ட மனுநீதிச் சோழன் கதைதான் எங்களுக்குத் துணைக்கு வந்தது. திருவாரூர் வீதியில் இளவரசன் ஓட்டிய தேரில் சிக்கி ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. தன் மகனையே தேர்க்காலில் இட அரசன் துணிந்தான். இலங்கையின் மகாவம்சமும் எல்லாளனைப் பற்றி இத்தகைய கதை ஒன்றைச் சொல்கிறது. நாம் எல்லோரும் அறிந்த கதைதான். ஆனால் நடுவில் வரும் அமைச்சரை நாம் மறந்துவிடுகிறோம். தேரைச் செலுத்தும்படி அரசன் முதலில் ஆணையிட்டது அவருக்குத்தான். ஆணையை மீறவும் முடியாமல், அந்தக் கொடுமையைச் செய்யவும் முடியாமல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு அரசன் வேறொருவரைத் தேடவில்லை. தானே தேரில் ஏறினான்.

எங்கள் தோழியின் தந்தை அந்த அமைச்சரின் இடத்தில் இருக்கிறார். ஆகவே, யார் ஆணையால் வண்டி விரைந்ததோ அவரே பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற முடிவுக்கு இரு அணியினரும் ஒருமித்து வந்தோம்.

எங்கள் யோசனைகள் இவை. காமிராவின் கண்ணுக்கு எல்லா வண்டியும் ஒன்றாகவே இருக்கட்டும்; காவல் வண்டிகளின் எண்களை முன்கூட்டியே நீக்கிவைக்க வேண்டாம். அவசரப் பணிக்குச் சென்ற வண்டியென்றால், எந்த அழைப்புக்கு, எத்தனை மணிக்கு, யார் சொல்லிப் புறப்பட்டது என்பது நிலையத்தின் நாட்குறிப்பிலோ கட்டுப்பாட்டு அறையிலோ பதிவாகியிருக்கும். அதைக் காட்டினால் அபராதம் நீங்கட்டும். அந்த ஓட்டுநருக்கு ஒரு பாராட்டும் கிடைக்கட்டும். காட்ட இயலாவிட்டால் சட்டப்படி இரு மடங்கு அபராதம் விதிக்கப்படட்டும். வேகமாகப் போகச் சொன்னவர் உடனிருந்த அதிகாரி என்றால், அது ஓட்டுநரின் சம்பளத்தைத் தொடாமல் அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கப்படட்டும். வண்டியின் உரிமையாளர் அரசு என்பதால், அரசே அரசுக்கு அபராதம் கட்டுவது ஒரு பையிலிருந்து மறு பைக்குப் பணம் மாற்றுவது போலாகும். அதில் யாரும் திருந்தப் போவதில்லை.

இதனால் காவலருக்கு நன்மையே அன்றித் தீமை இல்லை. மெதுவாகப் போக விரும்பும் ஓட்டுநர், "ஐயா, காமிரா இருக்கிறது, எழுதித் தர வேண்டும்" என்று பணிவாகச் சொல்ல ஒரு வழி பிறக்கும். சைரன் உண்மையான அவசரத்துக்கு மட்டும் ஒலிக்கும்போது அதற்கு மதிப்பு உண்டாகும். இப்போதும் நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால் வகுப்பில் ஒரு சிறு செபம் சொல்லுவது எங்கள் வழக்கம். காவல் வண்டியின் ஒலி கேட்டாலும் ஓர் உயிரைக் காக்கத்தான் போகிறது என்று நம்பி ஒதுங்கி வழிவிட எங்களுக்கு ஆசை.

தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல். அதன் பொன்விழா 2023-இல் கொண்டாடப்பட்டது. எங்களில் சிலர் நாளை அந்தச் சீருடையை அணியலாம். ஒருத்தி ஓட்டுநர் இருக்கையிலும் ஒருத்தி அதிகாரி இருக்கையிலும் அமரலாம். அன்று அவசரம் ஒன்றும் இல்லாத ஒரு மாலையில் "சீக்கிரம் போ" என்று சொல்ல நா எழும்போது, பையைப் பிடித்து இழுக்கப்பட்ட அந்த ஆறாம் வகுப்புத் தங்கையை நினைத்துக்கொள்வோமாக.

— பதினோராம் வகுப்பு மாணவியர்